கதிரையைத் தூக்கிய கிளாக்கர்

அளவெட்டியில் கிளாக்கர்மாருக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. விடிய ஏழு மணிப் பஸ்ஸில் யாழ்ப்பாணப் பட்டணத்துக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் கிளாக்கர்மார். மீதிப்பேர் கிளாக்கராக வர ஆசைப்பட்டவர்கள். ஆனாலும் 'கிளாக்கர் வீடு எது?' என்று கேட்டால் ஊரில் சின்னப் பிள்ளையும் கனகசபாபதியின் வளவைத்தான் காட்டும். மற்றவர்கள் எல்லோரும் காலப்போக்கில் தலைமைக் கிளாக்கர், அதற்கும் மேலே என்று ஏறிப் போய்விட்டார்கள். கனகசபாபதி மட்டும் முப்பத்திரண்டு வருடமாகக் கிளாக்கராகவே இருந்தார்.

மூளை இல்லாமல் இல்லை. 1946ஆம் ஆண்டு இருபத்திரண்டு வயதில் அரசாங்க அலுவலகத்தில், ஊர்ப் பேச்சில் கந்தோரில், சேர்ந்தபோது அவருடைய ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரத் துரையே 'யார் எழுதியது?' என்று கேட்டாராம். பத்து வருடம் கழித்துச் சிங்களம் மட்டும் என்ற சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு சுற்றறிக்கை வந்தது. சிங்களச் சோதனையில் தேறாதவர்களுக்கு ஆண்டுதோறும் கூடும் சம்பள ஏற்றம் கிடையாது என்றது அது. கந்தோரில் பலர் முணுமுணுத்துக்கொண்டே வகுப்புக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே.

கனகசபாபதியும் சோதனைக்குப் போகத்தான் செய்தார். தாளின் தலைப்பில் தன் பெயரைத் தமிழில் எழுதினார். பிறகு பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, மூன்று மணித்தியாலம் சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டு, வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வந்தார். பஸ்ஸில் ஒருவர் ஏன் என்று கேட்டபோது அவர் சொன்ன மறுமொழியை ஊர் கனகாலம் சொல்லித் திரிந்தது.

"எனக்குச் சிங்களத்தோடை என்ன கோவம்? சந்தைக்கு வாற குருநாகல் லொறிக்காரனோடை சிங்களத்திலைதானே பகிடி விடுறனான். அது என்ரை விருப்பம். கதைச்சால்தான் சோறு எண்டால் எனக்கு வாய் திறவாது."

1962இல் அவருடைய சம்பளம் நின்றது. நின்றது என்றால் அந்தத் தொகையிலேயே நின்றுவிட்டது. அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எதுவும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அதனால் அவருடைய மனைவி குணலட்சுமி வீட்டுக்குப் பின்னால் கிடந்த செம்மண் தறையில் வெங்காயம் வைத்தாள். உடுவிலில் விடுதியில் தங்கி ஆங்கிலம் படித்த பெண். மண்வெட்டியைக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தொட்டாள். வெங்காயத்துக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்குத் துலா மிதிக்க வேண்டும்.

துலா என்பது கிணற்றுக்கு மேலே தாங்குகாலில் ஆடும் நீண்ட மரம். ஒருவர் அதன் மேலே ஏறி முன்னும் பின்னுமாக நடக்க, மரம் தாழ்ந்து எழும்பும். அதோடு கயிற்றில் தொங்கும் பட்டை கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வரும். இன்னொருவர் கிணற்று வாயில் நின்று பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்ற வேண்டும். பட்டை நிறைந்து மேலே வரும்போது துலாவில் நிற்பவர் இறங்கினாரோ, மரம் எகிறிக் கீழே நிற்பவரின் மண்டை உடையும். கனகசபாபதி மேலே நடந்தார். குணலட்சுமி பட்டை பிடித்தாள். பக்கத்து வளவுத் தங்கமுத்து பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். அடுத்த நாள் அவளுடைய தறைக்கு இவர்கள் இறைத்துக் கொடுத்தார்கள். விடிய நாலரைக்கு ஏறினால் ஆறரைக்கு இறங்குவார். முழுகி, வெள்ளைச் சட்டை போட்டு, ஏழு மணிப் பஸ்ஸைப் பிடிப்பார். இதில் அழகு ஒன்றும் இல்லை. உள்ளங்கால் வெடித்து, மழைக்காலத்தில் அதற்குள் சேறு போய்க் குத்தும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு வந்தபோது சுற்றவர எல்லாத் தோட்டத்திலும் இறைக்கிற மிசின் வந்துவிட்டது. ஊரிலே துலா மிதித்த கடைசி ஆட்களில் ஒருவர் அரசாங்க உத்தியோகத்தர் என்பது அரசாங்கத்துக்கே வெட்கம். குணலட்சுமிக்கோ அது அலுப்பு. "உங்கடை வைராக்கியத்தைப் பட்டையிலை மொண்டு ஊத்திறது நான்தான்" என்று பட்டை பிடிக்கும்போதெல்லாம் பேசுவாள். அவர் மேலே நடந்துகொண்டே இருப்பார். பேச்சு வாங்கினாலும் இறங்க முடியாத இடம் அது.

அந்த வருடம் இரண்டு செய்திகள் கந்தோருக்கு வந்தன. ஒன்று பத்திரிகையில் வந்தது: அமைச்சர்மாருக்கும் மேல்மட்ட உத்தியோகத்தர்மாருக்கும் சம்பளத்தைக் கூட்ட வேண்டும் என்று கொழும்பில் பேச்சு அடிபட்டது. தேத்தண்ணிக் கடை, பஸ், கோயில் வீதி எங்கும் அதே கதைதான். மற்றது வாய்வழியாக வந்தது: பழைய ஆட்களின் நிறுத்திய சம்பள ஏற்றங்களைக் கந்தோர்ப் பெரியவர் சிபாரிசு செய்தால் திருப்பிக் கொடுக்கலாம். கனகசபாபதி ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. சிபாரிசு கிடைத்தால் பதினாறு வருடத்து மிச்சம் ஒன்றாக வரும், ஓய்வூதியமும் உயரும். குணலட்சுமி அதைக் கேட்ட அன்றே கிணற்றடியில் மிசின் வைக்கிற இடத்தைக் கூட்டித் துப்புரவாக்கிவிட்டாள்.

கனகசபாபதியின் கோவை, அதாவது அவருடைய கோப்பு, தலைமைக் கிளாக்கர் பஞ்சலிங்கத்தின் மேசையில் இருந்தது. பஞ்சலிங்கமும் அளவெட்டிதான்; கனகசபாபதிக்கு ஏழு வயது இளையவர்; அவரிடமே வேலை பழகியவர். முதல் தடவையிலேயே சிங்களத்தில் தேறி மளமளவென்று மேலே போனவர். கந்தோரில் கனகசபாபதி அவரைச் 'சேர்' என்பார். ஊர் எல்லைக்குள் வந்தால் அவர் கனகசபாபதியை 'அண்ணை' என்பார். இரண்டு பேருக்கும் இதில் கொஞ்சம் கூச்சம் உண்டு.

அந்தப் பஞ்சலிங்கம்தான் ஊர் வாசிகசாலைக்கும் தலைவர். ஆண்டு விழாவுக்கு விவாத அரங்கு வைக்கத் தீர்மானித்தார்கள். தலைப்பு: 'அமைச்சர்களுக்கும் அரச உத்தியோகத்தர்களுக்கும் சம்பள உயர்வு நியாயமே.' நடுவர் பஞ்சலிங்கம். இங்கேதான் அவர் ஒரு கெட்டித்தனம் செய்தார். அரசாங்க உத்தியோகத்தர் மேடையில் அரசாங்கத்தை எதிர்த்துப் பேசக் கூடாது என்பது விதி. ஆகவே உத்தியோகத்தர் எல்லோரும் 'நியாயமே' கட்சி. அரசாங்கச் சம்பளத்தைக் கண்ணாலும் காணாதவர்கள் எதிர்க்கட்சி. வாயைத் திறக்க முன்னமே யார் என்ன சொல்வார்கள் என்று சனத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சனம் வந்தது. விவாதத்துக்குப் பிறகு நாதஸ்வரக் கச்சேரி இருந்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னம் பஞ்சலிங்கம் கனகசபாபதியைக் கூப்பிட்டு, மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தார்.

"அண்ணை, நான் எழுதியே வைச்சிருக்கிறன். நீங்கள் வாசிச்சால் போதும். பெரியவரும் விழாவுக்கு வாறார். அவருக்கு முன்னாலை நீங்கள் இதை வாசிச்சியள் எண்டால், திங்கட்கிழமை உங்கடை கோவையைக் கையெழுத்துக்கு வைக்கிறது எனக்குச் சுகம்."

கனகசபாபதி தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். வாங்கியதுதான் அவர் செய்த ஒரே பிழை என்று பிற்பாடு சொல்லிக்கொள்வார். வாங்கும்போது கிணற்றடியில் கூட்டி வைத்த இடம்தான் கண்ணுக்குள் நின்றது.

விழா பள்ளிக்கூட முற்றத்தில், பின்னேரம் ஆறு மணிக்கு. மேடையில் நடுவில் நடுவர். பேச்சாளர்கள் உட்கார வலது பக்கம் மூன்று கதிரை, இடது பக்கம் மூன்று கதிரை. விளக்கேற்றியதால் எல்லோரும் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு ஏறினார்கள். முன்வரிசையில் பட்டணத்திலிருந்து வந்த பெரியவர் மாலையோடு இருந்தார். மேடைக்குப் பக்கத்தில் நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் தங்கள் முறைக்குக் காத்திருந்து கொட்டாவி விட்டார்கள்.

எதிர்க்கட்சிக்கு வல்வெட்டித்துறையிலிருந்து தண்டையல் தில்லைநாதனை அழைத்திருந்தார்கள். சரக்குத் தோணி ஓட்டிய மனிதர். ஒலிவாங்கி இல்லாமலே கடலுக்குக் கேட்கும் குரல்.

"உங்கை அந்தப் பக்கம் இருக்கிற மூண்டு பேரையும் வடிவாப் பாருங்கோ" என்று தொடங்கினார். "படிச்ச ஆக்கள். நல்ல ஆக்கள். எங்கடை தோணியிலை காத்து மாறினால் பாயை மாத்துவம். இவை காத்தைக் கேட்டுத்தான் வாயைத் திறக்கினம். நான் இவையோடை வாதாட வரேல்லை. இவைக்காகப் பரிதாபப்பட வந்தனான்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. பஞ்சலிங்கம் மணியைத் தட்டி, "அடுத்து, நியாயமே என்ற கட்சியில், எங்கள் மதிப்புக்குரிய கனகசபாபதி அவர்கள்" என்றார்.

கனகசபாபதி எழுந்து தாளை விரித்தார். "நடுவர் அவர்களே, சபையோரே. உழைப்பவனுக்கு ஊதியம் உயர வேண்டும். எங்கள் அமைச்சர்கள் நாட்டுக்காக அல்லும் பகலும் வியர்வை சிந்துகிறார்கள்…"

அந்த இடத்தில் வாசிப்பு நின்றது. வியர்வை என்ற சொல்லில் தலை குனிந்தவருக்கு மேடைப் பலகையில் தன் கால்கள் தெரிந்தன. அன்று விடியவும் துலாவில் நடந்த கால்கள். வெடிப்புகளுக்குள் செம்மண் முழுகியும் போகாமல் இருந்தது. பதினாறு வருடம் ஒருவருக்கும் தலை குனியாதவன் இன்றைக்கு இன்னொருவர் எழுதித் தந்ததை வாசித்துக்கொண்டு நிற்கிறானே என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. வெட்கம் முதலில் வந்தது. கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் ஒலிவாங்கியில். "நான் இருந்த இடம் பிழைச்சுப்போச்சு."

தாளை மடித்து நடுவரின் மேசையில் வைத்தார். திரும்பிப் போய்த் தன் கதிரையை இரண்டு கையாலும் தூக்கினார். நல்ல பாரமான பாலை மரக் கதிரை. அதைத் தூக்கிக்கொண்டு நடுவருக்கு முன்னால், பெரியவருக்கு முன்னால், அளவெட்டிக்கு முன்னால் மேடையைக் கடந்து இடது பக்கம் போய், தில்லைநாதனுக்குப் பக்கத்தில் தொம்மென்று வைத்தார். அரைத் தூக்கத்தில் இருந்த தவில்காரர் தன்னையறியாமல் தவிலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார். முற்றம் அதிர்ந்தது.

"வாங்கோ அண்ணை" என்று தள்ளி இடம் விட்டார் தில்லைநாதன். "இஞ்சாலை காத்து நல்லா வருது."

பஞ்சலிங்கம் மணியைத் தட்டினார். கனகசபாபதி மணிக்கு மேலாலே பேசினார்.

"ஆரின்ரை சம்பளம் கூடுறதிலையும் எனக்குப் பொறாமை இல்லை. கூட்டட்டும். ஆனால் இந்த நாட்டிலை சம்பளம் கூட்டுறதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. அதை எனக்குச் சொல்லித் தந்தவை. மற்றவன்ரை பாஷையிலை சோதனை பாஸ் பண்ணு, பேந்து கூட்டுறம் எண்டு. பதினாறு வரியமா நான் அந்த ஒழுங்கிலை நிக்கிறன். அப்ப அதே ஒழுங்கை மேலையும் கொண்டுபோங்கோ. என்னை ஆளுற மந்திரி என்ரை பாஷையிலை ஒரு சோதனை எழுதட்டும். பெரிசா ஒண்டும் வேண்டாம், ஆனா ஆவன்னா காணும். பாஸ் பண்ணினால் கூட்டுங்கோ. முதல் கைதட்டுறது நான்."

மணி இன்னும் அடித்தது.

"எங்கடை கந்தோர்ப் பியோன் தம்பிஐயா ஏழு மணிக்குக் கந்தோர் திறக்கிற மனுசன். மேலை இருக்கிறவைக்குச் சம்பளம் கூடின கடிதம் வந்தால் தபாலிலை இருந்து எடுத்துக்கொண்டுவந்து மேசையிலை வைக்கிறதும் அவர்தான். இவ்வளவு வரியத்திலை அவரின்ரை பேருக்கு அப்பிடி ஒரு கடிதம் வந்ததை நான் காணேல்லை. வியர்வை எண்டு எழுதுறதெண்டால், சிந்துறவனைக் கேட்டு எழுதுங்கோ."

பிறகு தூக்கி வந்த கதிரையில் உட்கார்ந்தார். கைதட்டு ஓயவே இல்லை. பெரியவர் மாலையைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். பஞ்சலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்து, "தீர்ப்பு பிறகு அறிவிக்கப்படும்" என்றார். விவாத அரங்கில் இப்படி ஒரு தீர்ப்பை அளவெட்டி அதற்கு முன்னம் கேட்டதில்லை. அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் அறிவிக்கப்படவில்லை.

கச்சேரியைக் கேளாமல் கனகசபாபதி வீட்டுக்கு நடந்தார். பேசியதில் அவருக்குத் துளி வருத்தம் இல்லை. ஆனால் பயம் இருந்தது. பெரியவரை நினைத்தல்ல. விழா ஒலிபெருக்கியைப் பனை மரத்தில் கட்டியிருந்தார்கள். பேசிய ஒவ்வொரு சொல்லும் குணலட்சுமியின் அடுப்படிக்குக் கேட்டிருக்கும். கூட்டி வைத்த அந்த இடத்தை அவளிடம் கேட்காமலே மேடையில் பணயம் வைத்துத் தோற்றுவிட்டு வருகிறார்.

அவள் புட்டும் சம்பலும் வைத்தாள். அவர் சாப்பிட்டு முடித்த பிறகு, "விடிய இறைப்பு. வெள்ளெனப் படுங்கோ" என்று மட்டும் சொன்னாள். அவள் ஏசியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை கந்தோரில் கடிதம் காத்திருந்தது. உத்தியோகத்தர் ஒழுக்கத்தை மீறி மேடையில் பேசியதற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் தர வேண்டும், அல்லாவிட்டால் நடவடிக்கை. முதல் நாளும் இரண்டாம் நாளும் அவர் ஒன்றும் எழுதவில்லை. மூன்றாம் நாள் விடிய, துலாவில் ஏறி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, படலையைத் திறந்துகொண்டு பஞ்சலிங்கம் வந்தார். கந்தோருக்குப் போகிற உடுப்பு, கையில் ஒரு தாள்.

"அண்ணை, ஒருக்கா இறங்குங்கோ."

"தண்ணி ஓடுது தம்பி. அங்கையே நிண்டு சொல்லும்."

பஞ்சலிங்கம் அண்ணாந்து பார்த்தபடி சொன்னார். அவர் துலாவின் போக்குக்குத் தலையை அங்கும் இங்கும் திருப்ப வேண்டியிருந்தது. "நான் ரைப் பண்ணிக் கொண்டந்திருக்கிறன். நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சால் காணும். பெரியவரோடை நான் கதைச்சுப்போட்டன். கோவையையும் விடுறன் எண்டவர். எட்டு மாசம் அண்ணை. எட்டு மாசத்துக்காக எல்லாத்தையும் துலைக்காதையுங்கோ." கெட்ட மனிதர் அல்ல அவர், பயந்த மனிதர்.

கனகசபாபதி மேலே நடந்துகொண்டே மனைவியைப் பார்த்தார். "குணம், நீர் சொல்லும். மிசின் உமக்குத்தான்."

குணலட்சுமி வந்த பட்டையை ஊற்றிவிட்டு, ஈரக்கையால் தாளை வாங்கினாள். ஆங்கிலத்தில் இருந்தது. நின்றபடியே வாசித்தாள்.

"'உணர்ச்சிவசப்பட்டுத் தவறாகப் பேசிவிட்டேன், மனம் வருந்துகிறேன்' எண்டு கிடக்கு" என்றாள். "தம்பி, இவர் என்ன தவறாப் பேசினவர்?"

"அது… அக்கா… அது ஒரு முறைக்கு எழுதிறது."

"பதினாறு வரியம் நான் இவரைப் பேசாத நாள் இல்லை. பட்டை பிடிக்கேக்கை எல்லாம் ஏன் இந்த விசர் மனுசனுக்குப் பிடிக்கிறன் எண்டு யோசிப்பன். அண்டைக்கு லவுட்ஸ்பீக்கரிலை கேட்டன். கேட்டுக்கொண்டு அடுப்படியிலை நிண்டு அழுதனான். ஏன் பிடிச்சனான் எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது. இப்ப இதிலை கையெழுத்து வைச்சால் நான் பிடிச்ச பட்டை எல்லாம் வீண்."

தாளைத் திருப்பிப் பின்பக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இறங்குங்கோ. இதின்ரை மற்றப் பக்கத்திலை மறுமொழியை எழுதிக் குடுங்கோ. தமிழிலை எழுதுங்கோ."

"தண்ணி நிண்டால் வாய்க்கால் எல்லாத்தையும் குடிச்சிடும்" என்று பாத்திக்குள்ளிருந்து கத்தினாள் தங்கமுத்து.

குணலட்சுமி பஞ்சலிங்கத்தைப் பார்த்தாள். "தம்பி, தோட்டக்காரற்றை பிள்ளைதானே நீங்கள். சேட்டைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ. அவர் எழுதி முடியட்டும்."

என்ன நினைத்தாரோ, பஞ்சலிங்கம் சப்பாத்தைக் கழற்றினார். சட்டையைக் கழற்றிக் கப்பு மரத்தில் போட்டார். காற்சட்டையை முழங்கால் மட்டும் சுருட்டிக்கொண்டு, ஆட்டம் ஆட்டமாகத் துலாவில் ஏறினார். சின்ன வயதில் பழகிய கால் மறக்கவில்லை. ஆனால் உள்ளங்கால் கந்தோர்க்காரனின் உள்ளங்கால். பத்தாவது பட்டையில் முகம் சுருங்கியது. கனகசபாபதி கிணற்றடிக் கல்லில் குந்தியிருந்து எழுதினார்.

முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் தமிழ்க் கந்தோர்க் கடிதம் அது. மூன்று வரிதான். 'ஐயா, நான் பேசியது உண்மை. அதில் ஒரு சொல்லையும் மாற்ற எனக்கு விருப்பம் இல்லை. இப்படிக்கு, கனகசபாபதி, கிளாக்கர்.'

நடவடிக்கை எடுக்க எட்டு மாதம் போதவில்லையோ, மூன்று வரிக்கு என்ன எழுதுவது என்று மேலே தெரியவில்லையோ, வேலை போகவில்லை. கோவை மட்டும் 'சிபாரிசு இல்லை' என்ற குறிப்போடு திரும்பி வந்தது. மிசின் வைக்க இருந்த இடத்தில் குணலட்சுமி கத்தரிக் கன்று நட்டாள். கொழும்பில் கூட வேண்டியவர்களுக்குச் சம்பளம் கூடிய செய்தியைக் கனகசபாபதி வாசிகசாலையில் வாசித்துவிட்டு, விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

எழுபத்தொன்பது மே மாதம் ஓய்வு. ஓய்வுபெறுகிறவருக்கு வாழ்த்துப் பத்திரம் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசித்துக் கொடுப்பது கந்தோர் வழக்கம். சேர்ந்த பதவி, உயர்ந்த பதவி, அதற்கும் மேலே உயர்ந்த பதவி என்று அதில் வரிசையாக வர வேண்டும். எழுதுகிறவர் எப்போதும் பஞ்சலிங்கம். இந்தத் தடவை ஒரு கிழமையாகத் திண்டாடினார் என்று தம்பிஐயா சொன்னார். பெரியவரும் இருந்த கூட்டத்தில் எழுந்து நின்று, ஒருவரையும் பார்க்காமல் வாசித்தார்: "கிளாக்கராகச் சேர்ந்து, கிளாக்கராகவே ஓய்வுபெறுபவர். பதினேழு ஆண்டுகள் ஒரு சம்பள ஏற்றமும் பெறாமல், ஒரு நாளும் பிந்தி வராமல் பணியாற்றியவர்." பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தார். வாசித்து முடித்துக் கண்ணாடிச் சட்டத்தைக் கனகசபாபதியிடம் கொடுத்தார்.

பதிலுரைக்குக் கனகசபாபதி எழுந்தார். கண்ணாடிச் சட்டத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முன்னால் இருந்த பெரியவரை நேரே பார்த்தார்.

"நான் சோதனையிலை தவறினவன்" என்றார். "அதை நான் மறைக்கேல்லை. மந்திரி இன்னும் சோதனைக்கே வரேல்லை."